மதகுச் சுவரில் இல்லாத தும்பி

செப்டம்பர் 15, ஞாயிறு

ஊத்துக்குட்டையில் மூன்றாவது நடை. இன்று எடுத்த படங்கள் இருநூற்றுப் பதினேழு. அவற்றில் தட்டான் இருப்பவை ஒன்பது. முழுத் தட்டான் இருப்பவை இரண்டு. மீதி எல்லாம் புல், தண்ணீர், என் கட்டைவிரல். ஒன்றில் அரசு அண்ணாவின் இடது காது மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் குட்டையைச் சுற்றி நடந்து தட்டான்களைப் படம் எடுக்கிறார்கள். அவர்கள் அதைத் தும்பி என்று சொல்வார்கள். பேக்கரிச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் 'பேசாமல் நடக்க வேண்டும்' என்று போட்டிருந்தது. எனக்காகவே யாரோ ஆரம்பித்த சங்கம் என்று நினைத்துப் போனேன். நடக்கும்போதுதான் பேசுவதில்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. நின்றால் பேசுகிறார்கள். அடிக்கடி நிற்கிறார்கள்.

அரசு அண்ணா மருந்துக் கடை வைத்திருக்கிறார். முழுப் பெயர் தமிழரசு. அவர்தான் பட்டியல் எழுதுகிறவர். குட்டையில் இதுவரை முப்பத்தொன்பது வகை. நாற்பதாவது கிடைக்கவில்லையே என்ற கவலையில் இளைத்துவிட்டார் என்று பியூலா அக்கா சொல்கிறார். பியூலா அக்கா நர்ஸ். பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருக்கிறார். நான் வைத்திருப்பது மூலை உடைந்த செல்போன், அதன் மேல் துணிக் கிளிப் போல மாட்டும் ஒரு சின்ன லென்ஸ்.

பியூலா அக்கா இன்று திடீரென்று, "கண்ணு, நீ என்ன படிக்கற?" என்று கேட்டுவிட்டார்.

நான், "அங்க" என்று நாணலைக் காட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

"பறந்துருச்சாட்ட இருக்குது" என்றார் அரசு அண்ணா. பாவம், நோட்டில் 'அடையாளம் தெரியாதது: ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

படிக்கவில்லை என்று சொல்வதில் என்ன இருக்கிறது? பத்தாவது பாதியில் நின்றேன். கணக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

செப்டம்பர் 19, வியாழன்

கம்பெனியில் இன்று குழந்தைகள் பனியன். நான் செக்கிங் மேசை. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் தாள் எப்போதும் சுடிதார் பாக்கெட்டில் இருக்கும். வீட்டுக்குப் போனாலும் முழங்கையில், தலைமுடியில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டே வரும். நேற்று பஸ்ஸில் இறங்கும் வரை என் கன்னத்தில் ஒன்று இருந்தது. யாரும் சொல்லவில்லை. பழுது எங்கே என்று சரியாகத்தான் காட்டியது.

டீ நேரத்தில் கீழே எல்லோரும் பேசுவார்கள். அதனால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அங்கே பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆடி மழையில் நிறைந்தது. அதற்குள் ஏதோ நகர்வதைப் பார்த்து முதலில் பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். ஆறு கால். நடையில் அரசு அண்ணா காட்டிய படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தட்டானின் குஞ்சு இறக்கை முளைக்கும்வரை தண்ணீருக்குள்தான் வளருமாம். இன்று எண்ணினேன். ஒன்பது.

இதில் ஒரு சிக்கல். வியாழன்தோறும் கொசு ஒழிப்புக்கு நாச்சம்மா அக்கா வருவார். டார்ச் அடித்துப் பார்த்து, தேங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் கொட்டிவிடுவார். தேங்காய்ச் சிரட்டையைக்கூட விடமாட்டார். அதனால் வியாழன் காலையில் தொட்டியின் மேல் ஒரு பலகையை இழுத்துப் போடுகிறேன். மாலையில் எடுத்துவிடுகிறேன்.

முதலாளி வீட்டு லோகநாயகி அக்கா, "மாடியில என்னடி பண்ணற?" என்றார்.

"காத்துங்க்கா."

ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை என்றால் இன்றைய கணக்கு முடிந்தது.

செப்டம்பர் 25, புதன்

எடுத்துவிட்டேன்! மத்தியானம் தொட்டிச் சுவரில் பெரிய தட்டான் ஒன்று உட்கார்ந்திருந்தது. இறக்கைகளை விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி, சிமெண்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. கை வைக்கப் போன இடத்தில் அது இருந்தது. பறக்கவில்லை. யார் கண்ணிலும் படமாட்டோம் என்ற நம்பிக்கையில் அசையாமல் இருந்தது. அந்த நம்பிக்கை எனக்கு நன்றாகத் தெரியும்.

தலை, வால், நான்கு இறக்கை எல்லாம் உள்ள என் முதல் படம். கட்டைவிரல் இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நடை முடிந்து வீட்டுக்கு வந்து, நடைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் இன்றைய படங்களைப் போட்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும்போது புதன்கிழமைப் படத்தையும் தொட்டிருக்கிறேன். பன்னிரண்டாவதாக அதுவும் போய்விட்டது.

இரண்டு நிமிடத்தில் அரசு அண்ணா. "பாறைத் தும்பி!!! நம்ம குட்டையில இதுவரைக்கும் பார்த்ததே இல்லை!!! வாணி, இது மதகுச் சுவர்தானே?"

குட்டையில் மதகு மட்டும்தான் சிமெண்ட். வேறு எப்படித்தான் கேட்பார்.

குழுவில் நான் இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போடுவதுதான் வழக்கம். காலை வணக்கத்துக்குக் கட்டைவிரல், யாருடைய மாமனாரோ இறந்ததற்குக்கூட ஒருமுறை அவசரத்தில் கட்டைவிரல். இதற்கும் போட்டேன். பிறகுதான் கேள்வியை முழுதாகப் படித்தேன்.

அதற்குள் பதினெட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள். "நாற்பது!" என்று அண்ணா எழுதியிருந்தார். கேக் படம் வேறு.

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 30, திங்கள்

சொல்லவில்லை. பனியன் அதிகம்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று நடை நடக்கவில்லை. நின்றது. பதினொரு பேரும் மதகுச் சுவரைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றோம்.

"அது அப்படித்தான். செவுத்தோட செவுறா இருக்கும், கண்ணுக்கே தெரியாது. பொறுமையாப் பாருங்க" என்றார் அரசு அண்ணா.

"இத்தன நேரம் நான் ஒரு செவுத்தையும் பாத்ததில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசற மாதிரியே இருக்குது" என்றார் பியூலா அக்கா.

நான்தான் எல்லோரையும்விட உற்றுப் பார்த்தேன். ஒருவேளை நிஜமாகவே வந்து உட்கார்ந்துவிட்டால்? உட்காரவில்லை. சின்னச்சாமி ஐயா பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் திடீரென்று, "இருந்துச்சு! அந்த விரிசலுக்குப் பக்கத்துல! பறந்துருச்சு!" என்றார்.

அண்ணா உடனே எழுதிக்கொண்டார். இரண்டாவது சாட்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் அது இருக்கிறது. என் பொய்க்கு இப்போது என்னைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது.

திரும்பும்போது பியூலா அக்கா மறுபடியும், "ஸ்கூல்ல இந்தப் படத்தக் காட்டுனியா?" என்றார். நின்றுவிட்டேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். "ஏன் கண்ணு?" "பஸ்ல கூட்டமுங்க்கா."

அதுவும் ஒரு காரணம்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தோம். நான் செல்போனுக்கும் சந்தனம் வைத்தேன். கேமரா மேலேயே வைத்திருக்கிறேன். பொரிப் படம், வாழைக்குலைப் படம் எல்லாம் பனிமூட்டம்.

அக்டோபர் 17, வியாழன்

குட்டைக் கரையில் பெரிய பிளக்ஸ் வைக்கப் போகிறார்களாம். 'ஊத்துக்குட்டை: நாற்பது வகைத் தும்பிகளின் வீடு.' குட்டையில் குப்பை கொட்டுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் கொட்டாமல் போவார்கள் என்பது அரசு அண்ணாவின் நம்பிக்கை. நடுவில் பெரிதாக நாற்பதாவது. கீழே, 'படம்: கோகிலவாணி'. குயில் குரல் என்று எதிர்பார்த்து வைத்த பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அப்போது நான் நன்றாக அழுதேனாம்.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. தண்ணீர்க் குழாயில் நிற்கிற எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

"எம்பட புள்ள போட்டோ எடுத்துப் பிளக்ஸ்ல வருதுங்."

"வாணி போட்டோவாங்?"

"அவ எடுத்த போட்டோங். பூச்சி."

"ஓ, பூச்சியா."

அம்மா மூன்று வருடத்தில் என்னைப் பற்றி வெளியில் பேசி இன்றுதான் கேட்கிறேன். அவளுக்கு ஒத்தாசையாக இருக்கத்தான் பள்ளியை விட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஒத்தாசை கேட்டதாக நினைவில்லை.

தொட்டியில் இப்போது ஏழு. மற்ற இரண்டை யார் தின்றது என்று ஊகம் இருக்கிறது, நிரூபிக்க முடியாது.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை. நடை இல்லை. குழுவில் அறிவிப்பு: தீபாவளி முடிந்து மூன்றாம் தேதி பிளக்ஸ் திறப்பு. வார்டு கவுன்சிலர் வருகிறார். 'நம் வாணி, படம் எடுத்த அனுபவத்தை இரண்டு நிமிடம் மைக்கில் பேசுவார்.'

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பள்ளியை விட்டதற்குக் கணக்கு காரணம் என்று எழுதியிருக்கிறேன். பிறகு பஸ். பிறகு அம்மா. இத்தனை காரணம் இருந்தால் எனக்கே சந்தேகம் வருகிறது. கணக்கில் எழுபத்தெட்டு வாங்கியிருந்தேன்.

பிரேயரில் ஒருநாள் செய்தி வாசிக்கச் சொன்னார்கள்.

அதை எழுத இப்போது நேரமில்லை. மழை விட்டிருக்கிறது, துணி காயப்போட வேண்டும்.

அக்டோபர் 24, வியாழன்

மாட்டிக்கொண்டேன். நாச்சம்மா அக்கா பலகையைத் தூக்கிவிட்டார்.

"யாரு கண்ணு இத மூடி வெச்சது?"

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்குப் பின்னால் இருந்த சுவர் என்னைவிடச் சத்தமாகப் பேசியிருக்கும்.

அவர் டார்ச்சை அடித்து வெகுநேரம் பார்த்தார். "கொசுப்புழு ஒண்ணையும் காணமே. இதென்ன, தேளுக்குஞ்சாட்டம்? இதா பாரு கண்ணு, தீவாளி லீவு முடிஞ்சு ஏழாந்தேதி வருவேன். தண்ணி இருந்துச்சுன்னா அடைப்பப் புடுங்கி உட்ருவேன். ஆமா."

அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வரி: இவை தட்டான் குஞ்சுகள், கொசுப்புழுவைத் தின்பவை. அரசு அண்ணா வந்து சொன்னால் கேட்பார். ஆனால் அண்ணாவிடம் தொட்டியைப் பற்றிச் சொன்னால் படம் எங்கே எடுத்தது என்பதும் தெரிந்துவிடும். நாற்பது போய்விடும், பிளக்ஸ் போய்விடும், தண்ணீர்க் குழாயில் அம்மாவின் பேச்சு போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். என்னை இனி யார் சேர்த்துக்கொள்வார்கள்?

சொல்லாவிட்டால் ஏழும் சாக்கடையில்.

அக்டோபர் 28, திங்கள்

கம்பெனியில் அவசர ஆர்டர். ஆயிரத்து முந்நூறு பனியன் பார்த்தேன். நாற்பத்தொரு அம்பு. இன்று ஒரு யோசனை வந்தது. இவ்வளவு நல்ல யோசனை எனக்கு வந்ததில்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 30, புதன்

யோசனை இதுதான். ஏழையும் கொண்டுபோய் மதகில் விட்டுவிட்டால்? நாச்சம்மா அக்காவுக்குத் தொட்டி காலி. குட்டையில் நிஜமாகவே பாறைத் தும்பி. பொய் உண்மையாகிவிடும். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

கம்பெனி மத்தியானத்தோடு லீவு. ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். டீ வடிகட்டியால் ஏழையும் பிடித்துச் சாப்பாட்டுத் தூக்குப்போசியில் தண்ணீரோடு போட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பாட்டி, "கொழம்பா கண்ணு? சிந்தாமப் புடி" என்றார். தலையாட்டினேன். கொழம்பும் அசைந்தது.

மதகில் யாரும் இல்லை. படியில் இறங்கிப் போசியின் மூடியைத் திறந்தேன். சாய்ப்பதற்கு முன்பே தண்ணீருக்கடியில் கறுப்பாக ஏதோ திரண்டது. ஜிலேபி மீன்கள். இங்கே வருகிறவர்கள் பொரி போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். இருபது முப்பது வாய்கள் என்னைப் பார்த்துத் திறந்து மூடின. அவ்வளவு பேர் முன்னால் நிற்பது எனக்குப் புதிதில்லை.

போசிக்குள் பார்த்தேன். ஒன்றன் முதுகில் இறக்கை மொட்டு நன்றாகவே புடைத்திருந்தது. இன்னும் பத்து நாளோ, பதினைந்து நாளோ.

ஒருத்தி வாயைத் திறக்கவில்லை என்பதற்காக அவை சாகக்கூடாது. வாயைத் திறக்க முடியாதது நான்தான்.

மூடினேன். மறுபடியும் பஸ். கம்பெனி வாசலில் லோகநாயகி அக்கா பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், "போசிய மறந்துட்டுப் போயிட்டனுங்க்கா" என்றேன். கையில் போசியை வைத்துக்கொண்டு.

அவர் போசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூட்டைத் திறந்தார். "போயி எடுத்துட்டு வா சாமி" என்றார்.

ஏழும் தொட்டியில். அம்மா அந்தப் போசியில்தான் பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொடுத்தாள். அதற்கு முன் நான் மூன்று முறை கழுவினேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இரண்டு நிமிடப் பேச்சைத் தாளில் எழுதினேன். அனைவருக்கும் வணக்கம். இதற்கு மேல் வரவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிளக்ஸ் பஸ் அளவு இருந்தது. நடுவில் என் தட்டான், ஓர் ஆள் உயரம். அம்மா புதுச் சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். கவுன்சிலர் நாற்பது வகைத் தும்பிகளுக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார். அரசு அண்ணா என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

ஒன்பதாவது படிக்கும்போது பிரேயரில் செய்தி வாசிக்கப் போனேன். கையில் தாள், எதிரே எண்ணூறு பேர். முதல் வரி மாநிலச் செய்திகள் என்பது. வாயைத் திறந்தேன். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. யாரோ எண்ண ஆரம்பித்தார்கள், ஒன்று, இரண்டு என்று. பிறகு எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். ஐம்பத்து மூன்றில் டீச்சர் வந்து தாளை வாங்கிக்கொண்டார். அன்று முதல் என் பெயர் ஐம்பத்து மூன்று. ஒரு வருடம் அந்தப் பெயரோடு இருந்தேன். பிறகு வயிற்று வலி என்றேன், பிறகு போகவில்லை. கணக்கு இல்லை, பஸ் இல்லை.

இன்றும் மூச்சுதான் கேட்டது. பியூலா அக்கா, "சொல்லு கண்ணு" என்றார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். இருபதைத் தாண்டியது. கை எங்காவது ஒளிந்துகொள்ளத் தேடி பாக்கெட்டுக்குள் போனது. அங்கே ஸ்டிக்கர் தாள் இருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. திரும்பினேன். ஒரு சிவப்பு அம்பை உரித்துப் பிளக்ஸில் என் தட்டானுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டினேன். இன்னொன்றை நாற்பது என்ற எண்ணில். அந்த உயரத்துக்கு அது ஓர் எறும்பு மாதிரி இருந்தது. ஆனால் இந்த ஊரில் அந்த அம்பு தெரியாதவர்கள் யாரும் இல்லை. பாதிப் பேர் பனியன் கம்பெனி.

"அது டேமேஜ் ஸ்டிக்கராச்சே" என்றது ஒரு குரல்.

"என்ன வாணி, பிரிண்ட்ல ஏதாச்சும் தப்பா?" என்றார் அரசு அண்ணா.

"பிரிண்ட்ல இல்லீங்கண்ணா." மைக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். "இது இங்க எடுத்ததில்லீங்க. எங்க கம்பெனி மாடியில எடுத்தது."

சின்னச்சாமி ஐயா, "நான் இங்க பாத்தனே!" என்றார்.

"என்னத்தப் பாத்தீங்க?" என்றார் பியூலா அக்கா.

அவர் யோசித்தார். "செவுத்த."

சிரித்தார்கள். அரசு அண்ணா சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, அங்கேயே நின்று ஒரு கோடு போட்டார். "முப்பத்தொம்பது" என்றார். யாரோ போய்ச் சேர்ந்த மாதிரி சொன்னார். "ஒரு மாசமாச்சு வாணி. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டனே."

"சொல்ல வரலீங்கண்ணா."

பிறகு வந்தது. தொட்டி, ஏழு குஞ்சு, பலகை, ஏழாம் தேதி, மீன், போசி, எல்லாம் தலைகீழாக வந்தது. போசி என்றதும் முன்வரிசையில், "பாயசம் குடுத்தனேடி அதுல!" என்று அம்மா எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாராலும் கோபமாக இருக்க முடியவில்லை. அண்ணாவால்கூட முழுதாக முடியவில்லை.

பியூலா அக்கா கைக்கடிகாரத்தில் பார்த்தாராம். நான்கு நிமிடம். எண்ணிக்கையில் இருநூற்று நாற்பது வரும். யாரும் எண்ணவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா வேகமாக முன்னால் நடந்தாள். தெருமுனையில் நின்று, "அந்தப் போசிய மாத்திப்போட்றலாம்" என்றாள்.

நவம்பர் 7, வியாழன்

அண்ணா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒன்பது மணிக்குக் கடைச் சாவியோடு வந்து நின்றார். பியூலா அக்கா டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். லோகநாயகி அக்கா, "இதுக்குத்தான் காத்தா?" என்று கேட்டுவிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார்.

நாச்சம்மா அக்கா வந்ததும் அண்ணா பேச வாயெடுத்தார். பிறகு என்னைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். அவ்வளவு எளிதாக மன்னிக்கிற ஆள் இல்லை.

"இது தட்டான் குஞ்சுங்க்கா. கொசுப்புழுவத் திங்கும்" என்றேன்.

"திங்குமா? யாரு பாத்தது?"

பக்கத்துக் கம்பெனி டயரில் பிடித்த கொசுப்புழு அவர் பையில் ஒரு பாட்டிலில் இருந்தது. அதில் பாதியைத் தொட்டியில் ஊற்றினார். எல்லோரும் குனிந்தோம். அடியில் கல் மாதிரிக் கிடந்தது ஒன்று. அதன் முகத்திலிருந்து மடக்கி வைத்த கை போல ஒன்று நீண்டு, பிடித்து, உள்ளே போனது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு இன்னொன்று.

நாச்சம்மா அக்கா டார்ச்சை அணைக்கவே இல்லை. "அடங்கொக்கமக்கா. இதுக்குச் சம்பளம் யாரு குடுக்கறது?" என்றார். நோட்டில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'மாடித் தொட்டி: ஆள் போட்டாச்சு' என்று எழுதினார். வாரா வாரம் பார்ப்பாராம். ஒரு கொசுப்புழு தெரிந்தாலும் அடைப்பைப் பிடுங்கிவிடுவாராம். அது நியாயம்.

இறங்கும்போது அண்ணா, "ஞாயித்துக்கெழம ஆறரை" என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு

போனேன். பிளக்ஸில் நாற்பது மேல் வெள்ளைத் தாளில் முப்பத்தொன்பது ஒட்டியிருக்கிறார்கள். என் படத்தை எடுக்கவில்லை. அம்பையும் எடுக்கவில்லை. படங்கள்: நூற்றுத் தொண்ணூறு. முழுத் தட்டான்: மூன்று. சின்னச்சாமி ஐயா முதுகு: ஒன்று.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் கம்பெனிச் சாவியை வாங்கி மாடிக்குப் போனேன். தொட்டி விளிம்பில் குஞ்சு உரித்துப் போட்ட ஏழாவது காலித் தோல். பக்கத்திலேயே அது, இறக்கை காய்ந்து, சுவரில். மெதுவாக உட்கார்ந்து பதினான்கு படம் எடுத்தேன். பதினைந்தாவதற்குள் போய்விட்டது.

பதினான்கையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர். எல்லாவற்றிலும் குறி தப்பிச் சுவர் மட்டும்.

நன்றாக இருப்பதில் ஒன்றைக் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: 'கம்பெனி மொட்டை மாடி. ஏழாவதும் பறந்துவிட்டது. படத்தில் இல்லை.'

அரசு அண்ணா கட்டைவிரல் போட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.